தோளுக்கு அளந்த துப்பாக்கி

பசுமலை,
26-8-1979

அன்பு மாப்பிள்ளை நல்லகாமனுக்கு,

மாமன் மலையாண்டி எழுதுவது. உன் அக்கா செல்லக்கிளியும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. நீ பிலாய் உருக்காலையில் உலை வாசலில் நின்று வேலை பார்க்கிறவன், வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் இன்லண்டு லெட்டர் வியாழக்கிழமை வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் உன் அக்கா பிரித்துப் படித்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை. "ஒங்க துப்பாக்கிப் பைத்தியம் எங்க வந்து நிக்கிது பாருங்க" என்று கடிதத்தை என் மூஞ்சியில் எறிந்தாள். எழுதியது அவள் தம்பி, வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டதாம். அண்ணனுக்காகச் செய்துகொண்டிருந்த ரைபிளை அதற்குள் முடித்து வைக்க வேண்டுமாம். கட்டை உனக்கு நீளமாம், உன் கை அளவுக்குக் குறைக்க வேண்டுமாம். சோணைக்கு ஒரே வெடி போதுமாம். மாமன் பள்ளிக்கூடத்துத் தச்சு வாத்தியார்தானே என்று, நாற்காலிக் காலைச் சீவச் சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்ததா?

அந்த ரைபிள் எங்கள் கைக்கு வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பழைய ஜமீன் வீடு ஒன்றில் மாட்டுத்தொழுவத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. வைக்கோல் வாங்கப் போன உன் அண்ணன் காளை பார்த்துவிட்டு ஓடிவந்து, "மாமா, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், சாணிக்குள்ள கெடக்கு" என்றான். குழல் முழுக்கத் துரு, பாதிக் கட்டையைக் கறையான் தின்றிருந்தது. ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து அதை என் லைசென்சில் ஏற்றிய பிறகுதான் கை வைத்தேன்.

ஒற்றைத் தோட்டா ரைபிள். அடியில் இருக்கிற நெம்புகோலை இறக்கினால் பின்வாய் திறக்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை ஏற்றினால் ஓர் இரும்புக் கட்டி எழுந்துவந்து வாயை அடைக்கும். ஒரு முறை சுட்டால் மறுபடி இறக்க வேண்டும், காலித் தோட்டாவை எடுக்க வேண்டும், அடுத்ததை வைக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத சாமான். அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் காளையும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேய்த்தோம். உடைந்த ஸ்பிரிங்கை செல்லூரில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினேன். உன் அண்ணனுக்குச் சுடுவதில் அவ்வளவு நாட்டமில்லை. துடைப்பதுதான் அவனுக்குச் சந்தோஷம். முடிந்ததும் கண்மாய்க் கரையில் ஒரு மண்பானையை வைத்துச் சுட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

துப்பாக்கிக் கட்டையும் சட்டை மாதிரிதான், ஆளுக்கு ஆள் அளவு மாறும். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விசை தொடும் விரல்வரை அளப்பேன். அந்த நீளத்துக்குத்தான் கட்டை. கன்னம் படியும் இடத்தில் முகத்துக்கு ஏற்ற பள்ளம். காளை பனைமரம் மாதிரி வளர்ந்தவன், அதனால் தோதகத்தி மரத்தில் நீளமாகச் செதுக்கினேன். கன்னத்துப் பள்ளத்துக்காக அவனை எத்தனை முறை நிற்க வைத்திருப்பேன்! அவன் சிரித்தால் கன்னம் உப்பி அளவு தப்பிப்போகும். சிரிக்காதடா என்று சொன்னால் இன்னும் சிரிப்பான்.

சித்திரையில் நடந்ததை உனக்குத் தந்தியில் மூன்று வார்த்தையாகத்தான் தெரிவித்தோம். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொடிக்காலுக்குத் தண்ணீர் திருப்பும் முறை காளையுடையது. பக்கத்துக் கொடிக்கால் சோணை வாய்க்காலை அடைத்திருந்தான். இவன் மண்வெட்டியோடு குனிந்து அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் பின்னாலிருந்து வந்து கழுத்தில் அரிவாளை இறக்கினான். விழுந்த பிறகும் வெட்டினான். நான் போனபோது வாய்க்கால் தண்ணீர் சிவப்பாக வெற்றிலைக் கொடிகளுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பை வாங்கியதும் நான்தான், தலை சாயாமல் இருக்கக் கழுத்தில் துண்டு சுற்றிக் கட்டியதும் நான்தான். அளவெடுத்த அந்த இடத்தில் கன்னமே இல்லை.

ஆகவே எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. ஜாமீனில் வந்த சோணை சோழவந்தான் டீக்கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்த டீ கிளாசை அவன் வாயிலேயே உடைத்து இறக்கத் தோன்றியது. ஆனாலும் கேள். கட்டையில் ஓர் இழைகூடக் குறைக்க மாட்டேன். உன் தோளுக்கு அளந்து ரம்பத்தை வைத்தேன் என்றால் அந்தக் கொலையில் பாதி என்னுடையது. நீ தூக்குக்குப் போவாய், உன் அம்மா இன்னொரு பிணத்தை வாங்குவாள். காளையின் மனைவி தங்கப்பொண்ணு கண்ணால் பார்த்த சாட்சி. செசன்ஸ் கோர்ட்டில் அவள் வாயைத் திறக்கட்டும், நீ உன் வாயை மூடு.

ரைபிளை மட்டும் முடிப்பேன், அவன் அளவிலேயே முடிப்பேன். நான் பழுது பார்த்துக் கொடுத்த துப்பாக்கி எதுவும் இதுவரை யார் கையையும் சுட்டதில்லை. எதையும் பூட்டுவதற்கு முன்னால் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் முழுக்கப் பார்க்காமல் விடமாட்டேன். "கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு எம்மொகத்தக்கூட இம்புட்டு நேரம் பாத்ததில்ல" என்பாள் உன் அக்கா. பார்த்திருந்தால் கட்டியிருக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் அந்த விளையாட்டுப் பேச்சு வீட்டில் இல்லை.

கோபத்தை உலையில் போடு. தீபாவளிக்கு மனுஷனாக வா.

மாமன்,
மலையாண்டி


பசுமலை,
2-10-1979

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அடுத்த கடிதமும் வந்தது. என்னைப் பொட்டை என்று எழுதியிருந்தாய். எழுதிக்கொள். உன் அக்காவிடம் காட்டவில்லை, காட்டியிருந்தால் பிலாய்க்கே ரயிலேறி வந்து உன்னை அறைந்திருப்பாள்.

உன் கடிதம் போதாதென்று உன்னைப் பெற்ற என் அத்தையும் வந்துவிட்டார்கள். போன வாரம் விடிந்தும் விடியாமலும் சோழவந்தானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, காப்பிகூட வேண்டாம் என்று பையிலிருந்து உன் பழைய சட்டை ஒன்றை எடுத்து என் வேலைப்பலகை மேல் விரித்தார்கள். "இந்தாங்க மருமகனே, எம்மவன் கை அளவு. இத வச்சுக் கட்டைய அறுத்துருங்க" என்றார்கள். தையல்காரனிடம் அளவுச் சட்டை கொடுக்கிற மாதிரி! எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. முடியாது அத்தை என்றேன். சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர் தொடாமல் அந்தச் சட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "என்னயப் பெத்தவளா நெனச்சிருந்தா அறுத்திருப்பீக" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனார்கள். சட்டை இன்னும் இங்கேதான் இருக்கிறது. உன் அக்கா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

ரைபிள் முடிந்துவிட்டது. சொன்னால் தற்பெருமை என்பாய், ஆனால் என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, கட்டை புளியங்கொட்டை மாதிரி மின்னுகிறது. நெம்புகோல் ஒரு சொடுக்கில் இறங்கி ஏறுகிறது. உன் அண்ணன் பார்க்கவில்லையே என்று ஒரு மூச்சு அழுதேன்.

அத்தை மனதைக் கொஞ்சம் ஆற்றலாம் என்று, ஆயுத பூஜைக்கு ரைபிளை எடுத்துக்கொண்டு சோழவந்தான் போனோம். காளை படத்துக்கு முன்னால் அவன் மண்வெட்டி, கவைக்கம்பு, கத்தி எல்லாவற்றோடும் இதையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். அத்தை அன்றைக்கு என்னோடு நன்றாகவே பேசினார்கள். தோட்டா எந்தப் பக்கமாகப் போகும், எந்தப் பக்கமாக வரும் என்று கேட்டார்கள். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? இரும்புக் கட்டியைக் கழற்றி, குழலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். "கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு, பூஜையில் வைக்க நான் கொண்டுபோயிருந்த அரையங்குல உளியை இரவல் கேட்டார்கள். தேங்காய் சில்லு எடுக்கவோ என்று கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஊர் எல்லைக் கருப்பு கோயில் வாசலில் சோணைக்குக் காசு வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் செய்வதுதானே, சாமியிடம் வழக்கை ஒப்படைக்கிற மாதிரி. ஒரு பழைய செப்புக் காசை இரண்டாக வெட்டி ஒரு பாதியை உண்டியலில் போட்டுவிட்டு, மறு பாதியைச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டையும் போடுவதுதானே வழக்கம் என்று தங்கப்பொண்ணு கேட்டதற்கு, இது எங்கே போக வேண்டுமோ அங்கே போகும் என்றார்களாம். என் உளியில் ஒரு பல் விழுந்துவிட்டது. செப்பை வெட்டினால் விழாதா? எனக்கு அந்த எரிச்சல் வேறு.

பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது, ரெண்டு வாரமாவது மகன் முன்னால் இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். லைசென்சுக்காரன் துப்பாக்கியை இன்னொரு வீட்டில் விட்டு வருவது சட்டப்படி தப்பு. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. இரும்புக் கட்டியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது இல்லாமல் ரைபிள் வெறும் உலக்கை, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நீ முன்கூட்டியே வந்து இறங்கினாலும் முடியாது. அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை போய் எடுத்து வருவேன். வரும் வழியில் கண்மாய்க் கரையில் காளைக்காகப் பானையைச் சுட்டுவிட்டு வருவேன், அதற்கென்று ஒரு தோட்டா வைத்திருக்கிறேன்.

உன் மதினி தங்கப்பொண்ணு கோர்ட்டுக்குத் தயாராக இருக்கிறாள். சோணை ஆட்கள் வீட்டுக்கு முன்னால் நின்று நாக்கை அறுப்போம் என்கிறார்களாம். அவள் விளக்குமாற்றைக் காட்டியிருக்கிறாள். அவளிடமிருந்து கொஞ்சம் தைரியம் வாங்கிக்கொள், உன்னிடம் இருப்பது வெறும் கொதிப்பு.

சாமி துணை இருக்கட்டும்.

மாமன்,
மலையாண்டி


மதுரை பெரிய ஆஸ்பத்திரி,
15-10-1979

மாப்பிள்ளை நல்லகாமனுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, வலது கை நன்றாக இருக்கிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அக்கா தந்தி அடிக்கிறேன் என்றாள். தந்தி கண்டால் நீ அரிவாளோடுதான் இறங்குவாய் என்று நானே தடுத்து, இதை எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்து முடித்ததும் உலையில் போட்டுவிடு.

சனிக்கிழமை மத்தியானம் ரைபிளை எடுக்கச் சோழவந்தான் போனேன். வீட்டில் அத்தை மட்டும் இருந்தார்கள். படத்துக்கு முன்னால் இருந்த ரைபிளைக் கையில் எடுத்த நேரம் கொடிக்கால் பக்கமிருந்து தங்கப்பொண்ணு அலறுவது கேட்டது. துப்பாக்கியோடேயே ஓடினேன். சோணையும் இன்னொருவனும் நம் கொடிக்காலுக்குள் நின்று வெற்றிலைக் கொடிகளை அடியோடு அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கொடிக்கால் தரையில் கிடந்தது. தடுக்கப் போன தங்கப்பொண்ணைச் சோணை கொண்டையைப் பிடித்து இழுத்து, அதே வாய்க்காலில் முகத்தை அமுக்கிக்கொண்டிருந்தான். காளை விழுந்த அதே இடம். அவள் கால்கள் சேற்றை உதைத்துக்கொண்டிருந்தன. "கோர்ட்ல பேசுவியாடி, இப்பப் பேசுடி" என்று கத்தினான்.

அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை மாப்பிள்ளை. சட்டைப்பையில் இரும்புக் கட்டி இருந்தது, பானைக்கென்று வைத்திருந்த தோட்டா இருந்தது. கட்டியைப் பூட்டினேன், தோட்டாவை வைத்தேன், நெம்புகோலை ஏற்றினேன். குழலைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் பார்க்கவில்லை. டேய் என்று கத்தியதும் அவளை விட்டுவிட்டு அவன் அரிவாளோடு நிமிர்ந்தான். அவன் நெஞ்சுக்குத்தான் குறி வைத்தேன். உனக்கு அவ்வளவு புத்தி சொன்னவன் நான். என்னிடம் பொய் எதிர்பார்க்காதே, கொல்லத்தான் சுட்டேன்.

விசையை இழுத்ததும் வெடித்தது குழல். தோட்டா எங்கே போனது என்று தெரியாது. என் இடது கைக்கு நேராகக் குழல் வாழைப்பூ மாதிரி விரிந்து பிளந்தது. தோதகத்திக் கட்டை சிராய் சிராயாகப் பறந்தது. கீழே கிடந்து கையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் வெள்ளை எலும்பும் தொங்குகிற தோலும்தான். மற்ற மூன்று விரலையும் சேற்றில் தேடினேன் என்று தங்கப்பொண்ணு சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

சோணை என் தலைமாட்டில் வந்து நின்றான். அரிவாள் கையில் இருந்தது. என்னால் எழுந்திருக்க முடியாது, அவன் ஒரு வீச்சு வீசியிருந்தால் உன் அக்காவும் வெள்ளைச் சேலைதான். நின்று பார்த்தான். முகத்தில் அடித்த என் ரத்தத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். "போய்யா வாத்தியாரே, ஒத்தக் கையோட பொழச்சுப் போ" என்று சொல்லிவிட்டுக் கூட வந்தவனை இழுத்துக்கொண்டு போனான். அவன் ஏன் வெட்டவில்லை என்று படுத்துக்கிடந்து யோசிக்கிறேன். இரக்கமா, ஏளனமா, அவனுக்கும் ரத்தம் சலித்துவிட்டதா, தெரியவில்லை. அவனை மன்னிக்கச் சொல்லி உனக்கு எழுதவில்லை. தங்கப்பொண்ணு பிழைத்தாள், அதை மட்டும் சொல்கிறேன். வண்டி கட்டி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது அவள்தான்.

போலீசிடம் காட்டுப்பன்றிக்குச் சுட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். துண்டு துண்டான ரைபிளையும் லைசென்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். இனி உளியைப் பிடிக்க இடது கை இல்லை, பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார்களோ தெரியாது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறாள், ஒரு வாய்க்கு ஒரு திட்டு.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. என் உள்ளங்கையைத் திறந்து தைத்த டாக்டர், உள்ளே இருந்து எடுத்ததை ஒரு பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். நசுங்கிய செப்புத் துண்டு, அதில் மஞ்சள் துணி கருகி ஒட்டியிருந்தது. வெட்டிய பாதிக் காசு. வெட்டு வாயில் ஒரு பல் தடம் இருக்கிறது, என் அரையங்குல உளியின் தடம்.

அத்தை அதை மஞ்சள் துணியில் முடிந்து குழலுக்குள் போட்டு, கம்பால் இடித்து இறக்கி, மேலே சந்தனம் வைத்து மூடியிருக்கிறார்கள். எங்கே போக வேண்டுமோ அங்கே போகும் என்றது இதைத்தான். சாமியின் காசும் மகனின் குண்டும் ஒன்றாகச் சோணைக்குள் போகட்டும் என்று வேண்டியிருக்கிறார்கள். அடைத்த குழலில் சுட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? இந்த வழியாகத்தான் குண்டு வரும் என்று பெருமையாகக் காட்டினேனே தவிர, இந்த வழி சுத்தமாக இருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

இப்போது அந்தச் சட்டையை நினைத்துக்கொள். நான் கட்டையை உன் அளவுக்கு அறுத்திருந்தால் அந்தத் துப்பாக்கி தீபாவளிவரை உனக்காகக் காத்திருந்திருக்கும். பார்க்காமல்தான் நீயும் பூட்டியிருப்பாய். அந்தக் கட்டையில் கன்னத்தை வைத்திருப்பாய். மேற்கொண்டு எழுத எனக்கு மனமில்லை.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்கும் கடிதம் வரும். மர வேலை பார்க்கிற வாத்தியாருக்கு இரும்பு எதற்கு, துருப்பிடித்த குழலைப் பாலிஷ் போட்டு ஏமாற்றினான் என்று டீக்கடையில் சிரிக்கிறார்களாம். நேற்று அத்தை வார்டுக்கு வந்தார்கள். என் கைக்கட்டைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு, "இப்பிடி ஒரு ஓட்டத் துப்பாக்கியவா எம்மவன் கையில குடுக்க இருந்தீக மருமகனே" என்று கேட்டார்கள். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் அத்தை, என் வேலைதான் மோசம், குழலில் விரிசல் இருந்ததைக் கவனிக்கவில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா? விரல் போனபோது அவ்வளவு வலிக்கவில்லை.

தீபாவளிக்கு வா. அத்தைக்கு ஒரு சேலையும் தங்கப்பொண்ணு பிள்ளைகளுக்குத் துணியும் எடுத்துவா. அறுத்துப்போட்ட கொடிகளை எடுத்துவிட்டுப் புதுக் கொடி ஊன்ற ஆள் வேண்டும். கோர்ட் வாய்தாவுக்குத் தங்கப்பொண்ணுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆம்பளை வேண்டும். சோணையைச் சட்டம் தூக்கினாலும் விட்டாலும், அவனுக்காக நம் வீட்டில் இனி ஒரு துளி ரத்தம் சிந்தக் கூடாது.

என்னைப் பார்க்க வரும்போது அத்தையும் கூட இருப்பார்கள். மாமன் வேலை மோசம் என்று நீயும் அவர்கள் காதுபடத் திட்டு. ஒரு மகனை மண்ணுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அத்தை கண்ணை மூடுகிற வரைக்கும் என் வேலை மோசமானதாகவே இருக்கட்டும்.

வெறுங்கையோடு வரப்போகும் உனக்காகக் கண் விழித்திருக்கும்,
மாமன் மலையாண்டி